காணாத நோயாளியின் பங்கு

மருத்துவர் எழுதும் மருந்துச் சீட்டில், எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளியைத் தவிர வேறு யாருக்காவது பங்கு உண்டா? ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் என்ற பாக்டீரியா இந்த அறக்கேள்வியைத் தவிர்க்க முடியாததாக்குகிறது.

பெரும்பாலும் தொண்டைவலியோடு நின்றுவிடும் இக்கிருமி, சில வேளை ரத்தத்திலும் தசையைச் சுற்றிய திசுவிலும் புகுந்துவிடும். திசு அழுகும், நச்சு அதிர்ச்சியில் ஓரிரு நாளில் உயிரே போகலாம். பெனிசிலின் வந்து 80 ஆண்டுகள் கடந்தும் இக்கிருமியிடம் அது தோற்கவில்லை. ஆனாலும் கடுமையான தொற்றில் அது மட்டும் போதாது. கிருமி நச்சை உண்டாக்குவதைத் தடுக்க கிளிண்டாமைசினையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். சிக்கல் இங்கேதான். எரித்ரோமைசின், அஜித்ரோமைசின், கிளிண்டாமைசின் மூன்றும் கிருமிக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் ஒட்டுகின்றன. ‘எர்ம்’ மரபணுவைப் பெற்ற கிருமி, அந்த இடத்தில் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்து மூன்றையுமே செயலிழக்கச் செய்யக்கூடும். தொண்டைவலிக்கு வாங்கிய அஜித்ரோமைசினுக்கும், தீவிர சிகிச்சைப் பிரிவில் பலிக்காமல் போகும் கிளிண்டாமைசினுக்கும் இப்படித்தான் உறவு.

தொண்டைவலிகளில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. அவற்றுக்கு இம்மருந்துகள் எதுவும் செய்யாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ்தான் காரணம் என்றாலும் பெனிசிலினை வழக்கமாக 10 நாள் விழுங்க வேண்டும். அஜித்ரோமைசின் மூன்று முதல் ஐந்து நாளில் முடிந்துவிடும். வசதி ஒருவருக்கு, அதன் விலை முகம் தெரியாத இன்னொருவருக்கு.

ஒரு சீட்டால் என்ன கெட்டுவிடும் என்ற வாதம் வலுவானது போலத் தோன்றும். பிரிட்டிஷ் தத்துவவாதி டெரக் பார்ஃபிட் 1984-ல் வெளியான ‘ரீசன்ஸ் அண்ட் பர்சன்ஸ்’ நூலில் இதற்குப் பதில் சொன்னார். தனியே பார்த்தால் யாருக்கும் தீங்கு தராத செயலும், சேர்ந்து தீங்கிழைக்கும் செயல்களில் ஒன்றாக இருந்தால் தவறாகலாம் என்பது அவர் வாதம். தேவையற்ற சீட்டுக்கு இது அப்படியே பொருந்தும். அங்கே நோயாளிக்கு ஆதாயமே இல்லாததால், அவர் நலனுக்கும் பொதுநலனுக்கும் உண்மையில் மோதலும் இல்லை.

மோதல் வேறிடத்தில் இருக்கிறது. பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு உண்மையான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று வந்தால், மாற்று மருந்து அவருடைய உரிமை; பிற்காலத்தைக் காட்டி அதை மறுப்பது அநீதி. கிருமிப் பரிசோதனைக்கு வழியில்லாத சிறு மருத்துவமனையில், காய்ச்சலோடு வந்த குழந்தைக்குச் சந்தேகத்தின் பேரில் மருந்து எழுதுபவரையும் குற்றம் சொல்ல முடியாது. சில நிமிடங்களில் ஒரு நோயாளியைப் பார்த்து அனுப்ப வேண்டியவரின் மனசாட்சி மீது எதிர்காலம் முழுவதையும் சுமத்துவது நியாயமல்ல. பரிசோதனை வசதியையும் தெளிவான நெறிமுறையையும் தருவது சமூகத்தின் கடமை.

கூட்டாக எடுத்த முடிவு பலன் தரும் என்பதற்குப் பின்லாந்து சான்று. 1990-களின் தொடக்கத்தில், புறநோயாளிகளின் சுவாச, தோல் தொற்றுகளுக்கு எரித்ரோமைசின் வகை மருந்துகளைக் குறைக்கும்படி அங்கே நாடு தழுவிய பரிந்துரை வெளியானது. மருத்துவர்கள் அதை ஏற்றார்கள். 1992-ல் இக்கிருமி மாதிரிகளில் 16.5 விழுக்காடாக இருந்த எரித்ரோமைசின் எதிர்ப்பு, 1996-ல் 8.6 விழுக்காடாக இறங்கியது.