யாருக்கு நஷ்டம்?

கதை எழுதிப் பிழைப்பவனுக்குப் பொய் சொல்வது பாவமல்ல. அது அவனுடைய தொழில். நேற்றுப் பார்த்த கிழவியை இன்று இளம் பெண்ணாக்கலாம். சேலத்தில் நடந்த சண்டையைச் சிதம்பரத்தில் நடத்தி வைக்கலாம். அதற்காகப் பத்திரிகாசிரியர் சன்மானமும் அனுப்புகிறார். இப்படிப் பல ஆண்டுகள் பழகிப்போன நாக்கோடு சென்ற பொங்கலன்று காலையில் மூக்கனேரிக் கரையில் போய் நின்றேன். வம்பு அங்கேதான் பிறந்தது.

சேலத்தில் கன்னங்குறிச்சியை ஒட்டி, சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது மூக்கனேரி. 2010-ல் ஊர்க்காரர்கள் சிலர் கூடி அதைத் தூர் வாரினார்கள். வாரிய மண்ணைக் கொண்டு ஏரிக்குள்ளேயே சிறு சிறு திட்டுகள் அமைத்து மரங்களும் நட்டார்கள். நீர்க்காகமும் கொக்கும் அந்தத் திட்டுகளைத் தங்களுக்குக் கட்டிக் கொடுத்த வீடுகளாகவே எடுத்துக்கொண்டுவிட்டன.

பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பறவைகளைக் கணக்கெடுக்கும் வழக்கம் 2015-ல் தொடங்கியது. அதற்குப் படிப்பும் பட்டமும் வேண்டியதில்லை, சம்பளமும் கிடையாது. ஓர் இடத்தில் கால் மணி நேரமாவது கவனித்து, என்ன பறவை, எத்தனை என்று எழுதி, 'இ-பேர்ட்' என்ற உலகப் பொதுப் பதிவேட்டுக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். பக்கத்து நாமக்கல்லில் கோழியை எண்ணுகிறார்கள், முட்டையை எண்ணுகிறார்கள். அந்தக் கணக்குக்கு ஒரு வரவு செலவு உண்டு. மடையானை எண்ணுவதில் யாருக்கு என்ன வரவு என்று நினைத்துக்கொண்டேதான் போனேன்.

கரையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், வங்கியில் வேலை பார்க்கும் ஓர் அம்மாள், நாமக்கல்லிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்திருந்த லாரிப் பட்டறைக்காரர், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். தொலைநோக்கி இரண்டே இரண்டு. அது கைமாறிக்கொண்டே இருந்தது. "முக்குளிப்பான் நாலு", "நாமக்கோழி பதினொண்ணு" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் சரிபார்க்க, பையன் நோட்டில் எழுதினான்.

என் முறை வந்தபோது, தூரத்தில் பெரிய பறவை ஒன்று தண்ணீருக்கு மேலே வட்டமிட்டு மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. முதல் நாள் இரவு புத்தகத்தில் பார்த்த படம் நினைவுக்கு வந்தது. "விரால் அடிப்பான்!" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். குளிர்காலத்தில் வந்துபோகும் விருந்தாளி அது. மீன் பிடிப்பதில் சூரன். பையன் கண்கள் விரிய, "வயிறு வெள்ளையா இருந்துச்சுங்களா, சார்?" என்று கேட்டான்.

உண்மையில் வயிற்றை நான் பார்க்கவே இல்லை. முதலில் சொன்னது அவசரம், அதை மன்னித்துவிடலாம். ஆனால் அடுத்து, "நல்ல வெள்ளை" என்றேனே, அதற்கு என்ன பெயர்?

"சார் பார்த்திருக்கார், எழுது தம்பி" என்றார் வாத்தியார். பையன் எழுதினான்.

பிறகு எல்லோரும் டீக்கடைக்குப் போனோம். டீ தொண்டையில் இறங்கவில்லை. மனத்துக்குச் சமாதானம் சொல்ல வள்ளுவரையே துணைக்கு அழைத்தேன். பிறருக்குத் தீங்கு தராத சொல்தான் வாய்மை என்று அவரே இலக்கணம் வகுத்திருக்கிறார் அல்லவா? ஏரியில் இல்லாத ஒரு பறவை நோட்டில் இருப்பதால் யாருக்கு நஷ்டம்? அந்தப் பருந்துகூட மானநஷ்ட வழக்குப் போடப் போவதில்லையே!

அப்போதுதான் ஓர் ஆந்தையின் கதை ஞாபகம் வந்தது. மத்திய இந்தியக் காடுகளில் வாழும் சிற்றாந்தை இனம் ஒன்று 1884-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. ஆனால் ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, 1914-ல் குஜராத்தில் மாண்ட்விக்கு அருகே அதைச் சுட்டதாக ஒரு பாடம் செய்த பறவையைக் காட்டினார். பெரிய மனிதர், பறவை நூல்கள் எழுதியவர். அவர் சொல்லை யார் சந்தேகிப்பார்கள்? அதை நம்பி, பின்னால் வந்தவர்கள் அந்தப் பக்கமெல்லாம் தேடினார்கள். அவர் 1967-ல் இறந்து முப்பது ஆண்டுகள் போன பிறகே உண்மை வெளிவந்தது. பழைய சேகரிப்பிலிருந்து திருடிய பறவைக்குப் புதிய சீட்டு எழுதிக் கட்டியிருக்கிறார் மனிதர்! அந்தச் சீட்டை ஒதுக்கிவிட்டு, உண்மையான பழைய பதிவுகளின் வழியே தேடிய பமேலா ராஸ்முசென் குழுவினர், 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தில் ஷாஹாதாவுக்கு அருகே அந்த ஆந்தையை உயிரோடு கண்டார்கள்.

நம் வட்டாரத்திலும் 1929-ல் வெர்னே ஆய்வுக் குழுவினர் பறவைகளைச் சுட்டுத்தான் கணக்கெடுத்தார்கள். செத்த உடலே சாட்சி என்பது அந்தக் காலத்து நியாயம். இன்று சுடுவதில்லை. பார்த்தவனின் சொல்லே பெரும்பாலும் சாட்சி. மனிதன் சொல்லை நம்புவதைவிட உடலை நம்புவது பத்திரம் என்று தோன்றலாம். ஆனால் மைனர்ட்ஸ்ஹாகனிடம் உடல் இருந்ததே! பறவை பொய் சொல்லவில்லை. அதன் காலில் கட்டிய சீட்டுத்தான் பொய் சொன்னது. சீட்டை எழுதியது ஒரு மனிதனின் கை.

வள்ளுவர் சொன்ன தீங்கு, சொன்ன அன்றைக்கே கண்ணில் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. எண்பது ஆண்டுகள் கழித்தும் முகம் தெரியாத ஒருவன் நம் சொல்லை நம்பித் தவறான காட்டில் அலையக்கூடும். கதையில் நான் சொல்லும் பொய், பொய் என்று வாசகருக்குத் தெரியும், தெரிந்துதான் ரசிக்கிறார். அந்த ஒப்பந்தத்தில் மோசடி இல்லை. நோட்டோடு நின்ற பையனுக்கும் எனக்கும் அப்படி என்ன ஒப்பந்தம்? 'இவர் பார்த்ததைத்தான் சொல்வார்' என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. பலர் கூடிச் செய்யும் பொழுதுபோக்கு முழுவதும் அந்த ஒரு நூலில்தான் தொங்குகிறது.

டம்ளரைக் கீழே வைத்தேன். "தம்பி, பட்டியலை அனுப்பிட்டியா?"

"இன்னும் இல்லைங்க சார்."

"அந்த விரால் அடிப்பானை அடித்துவிடு. வயிற்றை நான் பார்க்கவில்லை."

சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. பையன் கோடு போட்டு அடித்துவிட்டு, "பருந்து வகை, ஒண்ணுன்னு போட்டுக்கலாங்க சார். இன்னதுன்னு தெரியாததுக்கும் அதிலே இடம் இருக்கு" என்றான். வாத்தியார் என் பக்கம் சாய்ந்து மெதுவாக, "போன வருஷம் நானே ரெண்டு அடிச்சேனுங்க" என்றார்.

'தெரியவில்லை' என்ற சொல்லுக்கு ஒரு வரி ஒதுக்கி வைத்திருக்கும் புத்தகத்தை நான் அன்றுதான் பார்த்தேன். என் புத்தகங்களில் அப்படி ஓர் இடம் இருந்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் ஏரிக்குப் போனேன். தண்ணீருக்கு மேலே ஏதோ வட்டமிட்டது. பையன் தொலைநோக்கியை முதலில் என்னிடம்தான் நீட்டினான்.