கைக்கொள்ளாமல் அறிதல்

ஓர் உயிரைப் பற்றி அறிந்துகொள்வதற்காக அவ்வுயிரைச் சிறிதேனும் வருத்தலாமா? கொல்லாமையைத் தலையாய விரதமாகக் கொண்ட நாம் எண்ணிப் பார்க்கத்தக்க வினா இது. மேலைநாட்டுப் பறவை நோக்கு நிலையங்களின் வரலாறு இதற்கு விடை காணத் துணைபுரிகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பறவைகளை ஆராய்ந்தோர் பெரும்பாலும் துப்பாக்கி கொண்டே ஆராய்ந்தனர். வட கடலிலுள்ள ஹெல்கோலாந்துத் தீவில் நெடுங்காலம் வாழ்ந்து, 1891-இல் அத்தீவின் பறவைகளைப் பற்றி நூல் வெளியிட்ட ஹைன்ரிச் கேட்கேயும் சுடப்பட்ட பறவைகளையே பாடம் செய்து சேர்த்துவைத்தார். டென்மார்க்கின் பள்ளி ஆசிரியர் மோர்டென்சென் வேறு வழி கண்டார். 1890-இல் ஸ்டார்லிங் என்னும் மைனா இனப் பறவைகளின் காலில் துத்தநாக வளையம் பூட்டினார். அது அவற்றுக்குப் பாரமாவதைக் கண்டு கைவிட்டார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1899-இல், எடை குறைந்த அலுமினிய வளையத்தை அணிவித்தார்.

பிரிட்டனின் முதல் பறவை நோக்கு நிலையத்தை 1933-இல் ரொனால்டு லாக்லி வேல்ஸ் கரைக்கு அப்பாலுள்ள ஸ்கோக்ஹோம் தீவில் நிறுவினார். வலசை வரும் பறவைகளைப் பிடித்து, வளையம் பூட்டி, சிறகை அளந்து, எடை பார்த்துப் பறக்கவிடுவது இத்தகைய நிலையங்களின் பணி. உரிமம் பெற்றவரே இதனைச் செய்யலாம். கடுங்காற்றிலும் மழையிலும் வலை விரிப்பதில்லை. பறவைகள் செல்லும் வழியும் தங்கும் இடமும் இதனால் தெரியவந்தன. அவ்விடங்களைக் காக்கவும் இவ்வறிவு பயன்படுகிறது.

ஆயினும் நம் ஆசாரியர்கள் கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் கூறினர்: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகை பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். வலை கட்டுதலின்பாற்படும். துத்தநாக வளையம் மிகை பாரம். சகாராப் பாலைவனத்தைக் கடந்து பசியோடு வந்திறங்கிய, ஏறத்தாழப் பத்துக் கிராம் எடையுள்ள வில்லோ வார்ப்ளர் குருவியைக் கையில் வைத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அதன் இரையைத் தடுக்கும் நிமிடமே. நன்னோக்கமும் மென்மையும் குற்றத்தைக் குறைக்கும், முற்றும் நீக்கா.

இந்நிலையங்களில் அமைதியான நாள்களும் உண்டு. இளவேனிலில் வானம் தெளிந்து, பின்காற்றும் வாய்த்த இரவுகளில் வலசைப் பறவைகள் தீவில் இறங்காமலே கடந்துவிடும். விடிந்ததும் நோக்குவோர் வழக்கம்போல் தீவைச் சுற்றி வருவர். வலை வெறுமையாயிருக்கும். கண்ட சிலவற்றை எண்ணி, மாலையில் அனைவரும் கூடி ஏட்டில் எழுதுவர். காணாததற்கு எண் எழுதார். இத்தகைய நாள்களை விடாது பதிந்தால்தான் ஓராண்டை மற்றோராண்டோடு ஒப்பிட்டுப் பறவைகள் பெருகினவா, குறைந்தனவா என்று சொல்ல இயலும். வெறும் நாளை மறைத்து நிறைந்த நாளை மட்டும் எழுதினால் அவ்வேடு பொய்யாகிவிடும்.

அறிவார்வம் எத்தகையது என்பதைக் காட்டும் உரைகல் அந்நாளே. ஒன்றும் கிட்டாதபோது மனம் வாடுமாயின், அங்கே இருந்தது பொருட்பற்றை ஒத்த வேட்கை. உள்ளதை உள்ளவாறு எழுதி நிறைவு கொள்ளுமாயின், கொல்லாமையோடு வாய்மையும் மிகுபொருள் விரும்பாமையும் அங்கே ஒன்றுசேர்கின்றன. இல்லறத்தாராகிய நமக்கு வலையும் வளையமும் வேண்டுவதில்லை. வீட்டு முற்றத்திற்கு வரும் பறவையைத் தொடாமல், துரத்தாமல், நின்று நோக்கி அறியும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்பித்தால், ஐந்து அதிசாரங்களுள் ஒன்றும் நேராமல் உயிர்களை அறியும் அறிவு அவர்களுக்கு வாய்க்கும்.