கலங்கல்

போன பொங்கலுக்கு என் அக்கா மகன் பாஸ்டனிலிருந்து கான்சாபுரம் வந்திருந்தான். அவன் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே சுருட்டி வைத்த நான்கு பீர் கேன்கள். ஒவ்வொன்றும் 473 மில்லி. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய மது 2 லிட்டர். நான்கு கேன் அதற்குள் அடங்கிவிடும் என்று கணக்குப் பார்த்தே வாங்கியிருக்கிறான். அவன் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு சின்ன ஆலையின் சரக்கு. அந்தப் பக்கத்துக் கடைகளைத் தவிர வேறெங்கும் கிடைக்காதாம்.

இரவு சாப்பாட்டுக்கு முன் மொட்டைமாடியில் உட்கார்ந்தோம். மேற்கே மலை கறுத்துக்கொண்டிருந்தது. கண்ணாடி டம்ளரில் ஊற்றி என்னிடம் நீட்டினான். மாம்பழச் சாற்றில் பால் விட்டதுபோல் ஒரு நிறம். டம்ளருக்குப் பின்னால் இருந்த விரல்கூடத் தெரியவில்லை.

“என்னடா இது, கலங்கலா இருக்கு? கெட்டுப்போச்சா?”

“அதுதான் மாமா இதோட அழகே. ஹேஸி ஐபிஏ. கேனுக்கு அடியில தேதியப் பாருங்க, அடைச்சு மூணு வாரம்கூட ஆகல. பழசானா ருசி போயிரும்.”

அவன் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. ‘கலங்கலா இருக்கு’ என்று நான் சொன்ன சொல்லிலேயே நின்றுவிட்டேன். இதே சொல்லை, இதே முகச்சுளிப்போடு, முப்பத்தைந்து வருடங்களுக்கு முன் எங்கள் தோப்பில் ஒரு தென்னைமரத்தடியில் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு: ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, வத்திராயிருப்பைத் தாண்டி, மலையடிவாரத்தில் இருக்கிறது கான்சாபுரம். 2025இல் ஒரு ரீல்ஸால் நாடறிந்த கூமாப்பட்டி எங்களுக்குப் பக்கத்து ஊர். பிளவக்கல் அணைத் தண்ணீர், நெல், தென்னை. மருதநாயகம் என்று பலரும் அறிந்த கான்சாகிப்பின் பெயரால் வந்த ஊர் என்பார்கள். தென்னை இருக்கும் ஊரில் கள் இருந்தாக வேண்டும். எங்கள் ஊரிலும் இருந்தது.

மருமகனின் பீருக்கு முதலில் வருகிறேன். ஐபிஏ என்பதில் வரும் ‘ஐ’ இந்தியாதான். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் போ பகுதியிலிருந்த ஹாட்ஜ்சனின் ஆலை, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் இங்கிருந்த வெள்ளைக்காரர்களுக்குப் பீர் அனுப்பியது. 1820களில் பர்ட்டன் ஊர் ஆலைகள் போட்டிக்கு வந்தன. மாதக்கணக்கில் கடலில் கிடக்க வேண்டிய பீர் என்பதால் ஹாப்ஸ் பூவைத் தாராளமாகப் போட்டார்கள். அது கெடாமல் காக்கும், கசப்பும் தரும். நம் பெயரைச் சுமந்த அந்தப் பீரை நம் ஆட்களில் எத்தனை பேர் குடித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

கலங்கல் பிறகு வந்தது. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தின் வாட்டர்பரி என்ற சிற்றூரில் ‘தி ஆல்கெமிஸ்ட்’ என்ற மதுக்கூடத்தை நடத்திவந்த ஜான் கிம்மிக், ‘ஹெடி டாப்பர்’ என்ற பீரை வடிகட்டாமல் கொடுத்தார். 2011 ஆகஸ்டில் ஐரீன் புயலின் வெள்ளம் மதுக்கூடத்தை அழித்தது. அந்த நாட்களில்தான் அவர்களுடைய புதிய ஆலையில் அதே பீரைக் கேனில் அடைக்கத் தொடங்கினார்கள். கேனிலிருந்தே குடியுங்கள் என்று அதன் மேலேயே அச்சிட்டார்கள். பிறகு சின்னச் சின்ன ஆலைகளெல்லாம் கலங்கலில் இறங்கின. 2018இல் அமெரிக்க மதுவடிப்போர் சங்கம் இதைத் தனி வகையாகவே தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

அந்தக் கலங்கல் அழுக்கு அல்ல. ஓட்ஸிலும் கோதுமையிலும் உள்ள புரதம், ஹாப்ஸின் பாலிஃபீனால்களோடு பிணைந்து மிதக்கிறது. வடிகட்டினால் மணத்திலும் கொஞ்சம் போய்விடும். ஹாப்ஸைக் கொதியில் போடாமல் ஆறிய பிறகு போடுவதால் கசப்பு குறைந்து மாம்பழ, ஆரஞ்சு வாசனை தூக்குகிறது. வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் நாறத் தொடங்கும், காற்று பட்டால் மணம் செத்துவிடும். அதனால்தான் கேன். அதனால்தான் அடியில் தேதி.

பீர் தெளிவாக இருக்க வேண்டும் என்பதும் என்றென்றைக்குமான சட்டம் அல்ல. 1842இல் பில்சன் நகரத்தில் யோசெஃப் கிரோல் வடித்த பொன்னிறப் பீரும், மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய கண்ணாடிக் கோப்பையும் சேர்ந்து கொண்டுவந்த ரசனை அது. மண் குவளையிலும் மரக்குவளையிலும் குடித்தவனுக்குக் கலங்கலும் தெளிவும் ஒன்றுதான்.

இனி தோப்புக்கு வருகிறேன். என் அப்பா பிராந்தி குடித்துச் செத்தார். 1989. ஈரல் போய்விட்டது. உரிமம் பெற்ற கடையில் வாங்கிய, முத்திரை உடையாத, தேன் நிறத்தில் தெளிந்த பிராந்தி. கள்ளை அவர் தொட்டதே இல்லை. ‘அதெல்லாம் கூலிக்காரப் பய குடிக்கிறது’ என்பார்.

1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. ஆனாலும் எங்கள் தோப்பில் தேங்காய் வெட்ட வரும் பெரியவர் இரண்டு மரங்களில் பாளை சீவிவந்தார். ஊருக்கே தெரியும். அப்பா இருந்தவரை கண்டுகொள்ளவில்லை. 1991இல் எனக்கு இருபத்தொரு வயது. அப்பாவின் சாவை நெஞ்சில் வைத்துக்கொண்டு மதுவை ஒழிக்கக் கிளம்பிய வயது. ஒருநாள் விடியக்காலையில் தோப்புக்குப் போனேன். அவர் காலில் தளைநாரோடு அப்போதுதான் இறங்கினார். இடுப்பில் பாளை அரிவாள், கையில் கலயம்.

“தம்பி, வெயில் ஏறல. இப்பத்தான் எறக்குனது, இனிப்பு மாறாம இருக்கு. ஒரு வாய் குடிச்சுப் பாருங்க” என்றார்.

எட்டிப் பார்த்தேன். வெள்ளையாக நுரைத்துக் கிடந்தது. இரண்டு எறும்பு மிதந்தது. “கலங்கலா இருக்கு” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்று மத்தியானம் பெயர் போடாமல் ஒரு கடிதம் எழுதி, போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு அனுப்பினேன். இரண்டு நாளில் வந்தார்கள். கலயங்களைத் தோப்பிலேயே உடைத்தார்கள். அவர் பதினைந்து நாள் உள்ளே இருந்தார். வெளியே வந்தும் எங்கள் தோப்புக்கே வந்து தேங்காய் வெட்டினார், கடிதம் யார் எழுதியது என்று தெரியாமல். அல்லது தெரிந்தே.

அந்தக் கடிதத்தை இத்தனை வருடமும் அறம் என்றுதான் நினைத்திருந்தேன். மொட்டைமாடியில் அந்த டம்ளர் கைக்கு வந்தபோதுதான் சந்தேகம் தட்டியது. எனக்குக் கோபம் குடியின் மேல் என்றால், அப்பாவுக்குப் பிராந்தி விற்ற கடைக்கு எதிராக ஏன் ஒரு வரி எழுதவில்லை? பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். காலையில் இறக்கிய கள்ளில் அது சொற்பம். பொழுதேற ஏற நாலு, ஐந்து என்று கூடும். என் மருமகனின் கேனில் 7 என்று போட்டிருந்தது. எண்ணை வைத்துப் பார்த்தால் நான் எழுதியிருக்க வேண்டிய முகவரியே வேறு. எண்ணை வைத்து நான் பார்க்கவில்லை. எறும்பையும் நுரையையும் கலயத்தையும், அதைப் பிடித்திருந்த காய்த்துப்போன கையையும் பார்த்தேன். எனக்கு வந்தது அருவருப்பு. அருவருப்புக்கு அறத்தின் சட்டையை மாட்டி அனுப்பிவிட்டேன்.

அருவருப்பும் அறமும் எளிதில் ஆள்மாறாட்டம் செய்யும். இரண்டுமே ‘சீச்சீ’ என்றுதான் தொடங்குகின்றன. பிரித்தறிய எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: அதே செயலை நமக்கு வேண்டியவர், சுத்தமான பாத்திரத்தில் செய்தாலும் ‘சீச்சீ’ வருகிறதா என்று பார்ப்பது. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அறிவு அழிவதும், பெற்ற தாயே காணச் சகிக்காமல் போவதும்தான் அவருடைய கவலை. அது கலயத்துக்கும் பொருந்தும், கேனுக்கும் பொருந்தும், அப்பாவின் பாட்டிலுக்கும் பொருந்தும். அவருடைய அளவுகோலில் நிறத்துக்கு இடமில்லை.

பெரியார் கள்ளுக்கு எதிராகத் தன் தோப்புத் தென்னைகளையே வெட்டினார். அது சரியா என்று வாதாடலாம். ஆனால் தன் கொள்கைக்கான விலையை அவர் தன் மடியிலிருந்து கொடுத்தார். நான் என் கொள்கைக்கு இன்னொருவர் கலயத்தை உடைக்கவிட்டேன். தோப்பு எங்களுடையது. அந்த இரண்டு மரத்தையும் நானே வெட்டியிருக்கலாமே! தேங்காய்க் காசு போய்விடும் என்பதால் அது தோன்றவே இல்லை.

கலங்கல் நம் மொழிக்கும் பழையது. தெளிந்த கள்ளைத் தேறல் என்றும் தெளியாததைக் கலங்கல் என்றும் சங்கக் கவிதைகள் பிரித்துச் சொல்கின்றன. புறநானூறு 298இல் ஒரு படைவீரன் தன் அரசனைப் பற்றிப் பேசுகிறான். முன்பெல்லாம் வீரர்களுக்குக் கலங்கலைக் கொடுத்துவிட்டுத் தேறலைத் தான் குடிப்பானாம். இன்றைய காதுக்கு அரசன் மட்டமானதைத் தள்ளிவிட்டதாகக் கேட்கும். உரையோ கலங்கல்தான் வீரியம் மிக்கது, மேலானதை வீரனுக்குத் தந்தான் என்று எதிர்த்திசையில் போகிறது. அப்படிப்பட்ட அரசன் இப்போது போர்முனையில் ‘நீ முன்னே போ’ என்று மட்டும் சொல்ல மாட்டேனென்கிறானே என்பது வீரனின் ஆதங்கம். கலங்கல் மேலானதா கீழானதா என்பதைக் கள்ளை மட்டும் பார்த்துச் சொல்ல முடிந்ததில்லை.

கள் புனிதமான பானம் என்று நான் சொல்ல வரவில்லை. மயக்க மருந்து கலந்த கள் நிஜம். கள்ளால் அழிந்த வீடுகளும் நிஜம். ஆனால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்ற சாராயத்தில் இருந்தது மெத்தனால். அது நிறமில்லாதது, தண்ணீர்போலத் தெளிந்தது. கண்ணை நம்பி நல்லது கெட்டதைப் பிரிக்கிறவன் ஏமாறுவதற்கு இதைவிட எது வேண்டும்?

என் மருமகன் அந்தக் கேனை எவ்வளவு கவனமாகப் பேசினான்! எந்த ஹாப்ஸ், எந்த ஈஸ்ட், எத்தனை நாள், எந்தக் குளிரில். பெரியவருக்கும் அவ்வளவு தெரியும். எந்தப் பாளையை எப்போது சீவ வேண்டும், எவ்வளவு மெல்லிசாக, கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் எப்படிப் புளிக்காமல் பதநீராகவே நிற்கும், வெயில் ஏறினால் எத்தனை நாழிகையில் இனிப்பு மாறும். ‘இப்பத்தான் எறக்குனது’ என்று அவர் சொன்னதும் கேனுக்கு அடியில் அச்சடித்த தேதிதான். அதைக் கேட்க நான் அங்கே நிற்கவில்லை.

மருமகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

“அவர்ட்ட எப்பவாச்சும் சொன்னீங்களா மாமா?”

“இல்லப்பா. அவர் போய்ச் சேர்ந்து பல வருசமாச்சு. இப்ப அவரு பேரன்தான் வந்து வெட்டுறான்.”

“பேரனுக்குத் தெரியுமா?”

நான் பதில் சொல்லவில்லை. டம்ளரில் இருந்ததைக் குடித்து முடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அடியில் கொஞ்சம் வண்டல் நின்றது.

எங்கள் தோப்பில் நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை தேங்காய் வெட்டு. அடுத்த வெட்டுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.