காணாமற்போன காசும் காணாமற்போன மகனும்



2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, நண்பகலை அண்டிய வேளையில் இலங்கை முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததே காரணம் என்றார்கள். அதன் விளைவாக, 900 மெகாவாட் ஆற்றலுள்ள நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோயின. நாட்டுக்கே ஒளி கொடுக்கும் ஊரும் அன்று இருளில் இருந்தது.

அந்த வாரம், தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தில் நுரைச்சோலைப் பக்கத்துத் தாய் ஒருவர் என்னைச் சந்தித்தார். எட்டு ஆண்டுகள் குவைத்தில் வீட்டு வேலை செய்து சேர்த்த காசை, படகு இயந்திரம் வாங்க மகனிடம் கொடுத்திருக்கிறார். அவனோ, விரைவில் இரட்டிப்பாக்கலாம் என்று நம்பி, யாருக்கும் சொல்லாமல் அதை டிஜிட்டல் நாணயமாக மாற்றிவிட்டான். அதைத் திறப்பதற்கான பன்னிரண்டு இரகசியச் சொற்களைக் கைத்தொலைபேசியில் மட்டும் வைத்திருந்தான். தொலைபேசி கடலில் விழுந்தது. வெட்கத்தால் அவன் வீட்டுக்கு வராமல், கரையோர வாடி ஒன்றில் தங்கியிருக்கிறான்.

“இருட்டு வந்து போயிற்று, சுவாமி. என் வீட்டு இருட்டுத்தான் போகவில்லை. கண்ணால் காணாத காசு எப்படித் தொலையும்? அது உண்மையான காசுதானா?” என்று அந்தத் தாய் கேட்டார்.

நல்ல கேள்வி. நாமும் சற்றுச் சிந்திப்போம்.

2009 ஆம் ஆண்டில் தோன்றிய பிட்கொயின் என்பது, உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரேவிதமாக எழுதப்படும் ஒரு கணக்குப் புத்தகம் போன்றது. நாணயம் நமது தொலைபேசிக்குள் இல்லை. திறவுகோல் மட்டுமே நம்மிடம் உண்டு. ஆகவே திறவுகோலை இழந்தவனின் காசு அழிவதில்லை. கணக்கிலே அப்படியே கிடக்கும். ஆனால் எவராலும் அதைத் தொட முடியாது.

வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹவல்ஸ் என்பவரின் சுமார் 8,000 பிட்கொயின்களுக்குரிய திறவுகோல் இருந்த கணினித் தட்டு, 2013 இல் தவறுதலாகக் குப்பைமேட்டுக்குப் போனது. அதைத் தோண்டியெடுக்க அவர் தொடுத்த வழக்கை 2025 ஜனவரியில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கனடாவில் டிஜிட்டல் நாணய வர்த்தக நிறுவனம் நடத்திய ஜெரால்ட் கொட்டன், 2018 டிசம்பரில் இந்தியாவின் ஜெய்ப்பூரில் இறந்தார். வாடிக்கையாளரின் பணத்துக்கான திறவுகோல்கள் அவரோடு போய்விட்டன என்று முதலில் சொல்லப்பட்டது. பெரும்பகுதிப் பணம் அவர் உயிரோடிருந்தபோதே மோசடியில் கரைந்துவிட்டதென்று விசாரணையாளர்கள் 2020 இல் அறிவித்தார்கள்.

அப்படியானால் இது பொய்ப் பணமா? அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. 2010 மே மாதத்தில் அமெரிக்காவில் ஒருவர் 10,000 பிட்கொயின்களைக் கொடுத்து இரண்டு பீட்சாக்களை வாங்கினார். கொடுக்க ஒருவரும் ஏற்றுக்கொள்ள ஒருவரும் இருந்ததால் அதற்கு மதிப்பு வந்தது. நமது ரூபாய்த் தாளும் ஒரு நம்பிக்கையே. 2022 இல் சில வாரங்களுக்குள் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 350 ரூபாயையும் தாண்டியபோது, பெட்டியிலிருந்த தாள் குறையவில்லை. அதன் மதிப்பே குறைந்தது.

கண்ணால் காணாததெல்லாம் பொய் என்று, காணாத இறைவனை விசுவசிக்கும் நாம் சொல்லலாமா? நாம் கேட்க வேண்டியது வேறு: இந்த நம்பிக்கைக்குப் பொறுப்பாளி யார்? வங்கிப் புத்தகம் தொலைந்தால் போய் முறையிட ஓரிடம் உண்டு. பன்னிரண்டு சொற்கள் தொலைந்தால் முறையிட எவருமில்லை. இவ்வகை நாணயங்களின் ஆபத்தைக் குறித்து நமது மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆம் ஆண்டுகளில் மக்களை எச்சரித்தது வீணாகவன்று. இழந்ததை மீட்டுத் தருகிறேன் என்று முன்பணம் கேட்டு வருபவர்களிடமும் விழிப்பாயிருங்கள். அது பெரும்பாலும் இரண்டாவது ஏமாற்று.

நான் அந்தத் தாயிடம் சொன்னது இதுதான்: “அம்மா, அந்த நாணயத்தின் மதிப்பு நாளுக்கு நாள் மாறும். நீங்கள் குவைத்தில் சிந்திய வியர்வை உண்மையானது. அதை உங்கள் மகனும் அறிவான். அதனால்தான் அவனால் உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.”

லூக்கா நற்செய்தியின் 15 ஆம் அதிகாரத்தில், வெள்ளிக்காசு ஒன்றைத் தொலைத்த பெண்ணின் உவமையை ஆண்டவர் சொல்கிறார். அவள் விளக்கேற்றி, வீட்டைப் பெருக்கித் தேடுகிறாள். கிடைத்ததும் அயலவரை அழைத்து மகிழ்கிறாள். அதே அதிகாரத்தில், அடுத்ததாக வருவது காணாமற்போன மகனின் உவமை. சொத்தையெல்லாம் அழித்துவிட்டு வந்த மகனிடம் தந்தை கணக்குக் கேட்கவில்லை. தூரத்திலே கண்டதும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். காசைத் தேடவும் வேண்டும்; ஆனால் ஆண்டவர் காசோடு நிறுத்தவில்லை, மகனிடம் வந்து முடிக்கிறார்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் பணத்தைப் பற்றி உங்களிடம் அச்சமின்றிப் பேசக்கூடிய வீடாக உங்கள் வீடு இருக்கட்டும். இளைஞரே, வீட்டாருக்கு மறைத்துச் செய்யவேண்டிய முதலீடு எதுவானாலும் அதில் கைவைக்குமுன் இருமுறை யோசியுங்கள். தவறிவிட்டீர்களா? மறைந்திருக்க வேண்டாம், வீட்டுக்கு வாருங்கள்.

அந்தத் தாய் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு எழுந்து, “காசைத் தேட என்னால் ஏலாது, சுவாமி. பிள்ளையைத் தேட ஏலும்” என்றார். அன்று மாலையே சோறும் கறியும் கட்டிக்கொண்டு வாடிக்குப் போனாராம்.

நம்முடைய வீட்டில் யாரைத் தேடிப் போகவேண்டியிருக்கிறது? இந்த வாரம் அதைச் சிந்திப்போமாக.