கடினம் என்றால் கெட்டதா?

தேங்காய் வாங்கினால் தட்டிப் பார்க்கிறோம். வெண்டைக்காய் என்றால் நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். கடைக்காரர் முறைப்பார். ஆனாலும் விடமாட்டோம். கண் சொல்லாததை விரல் சொல்லும் என்று நமக்குத் தெரியும்.

டாக்டர்களும் இதைத்தான் செய்கிறார்கள். வயிற்றை அழுத்துகிறார்கள், கழுத்தைத் தடவுகிறார்கள். ஆனால், விரல் போக முடியாத இடம் ஒன்று உண்டு. மூளை! எலும்புப் பெட்டிக்குள் பூட்டி வைத்த சமாசாரம். அங்கே ஒரு கட்டி வந்தால், அது வெண்ணெயா, ரப்பரா, கல்லா? வழக்கமான ஸ்கேன் அதன் அளவையும் இடத்தையும் அழகாகக் காட்டிவிடும். எவ்வளவு கெட்டி என்பதைப் பெரும்பாலும் மண்டையோட்டைத் திறந்த பிறகுதான் சர்ஜன் தெரிந்துகொள்வார்.

அதனால் என்ன என்கிறீர்களா? மெனிஞ்சியோமா என்று ஒரு கட்டி. மூளையின் உறையில் வளர்வது. பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. மிருதுவாக இருந்தால் உறிஞ்சியே எடுத்துவிடலாம். கெட்டியாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கித்தான் எடுக்க வேண்டும். பக்கத்திலேயே ரத்தக்குழாயும் நரம்பும் ஓடும். நேரமும் கூடும், ஆபத்தும் கூடும். முன்கூட்டியே தெரிந்தால் சர்ஜன் தயாராகப் போகலாம். நோயாளியின் வீட்டாருக்கும் உள்ளதைச் சொல்லலாம்.

1995-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆராய்ச்சியாளர்கள் 'சயின்ஸ்' இதழில் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். கட்டுரையின் முதல் பெயர் ராஜா முத்துப்பிள்ளை. நம்ம பக்கத்துப் பெயராச்சே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்! வழி சுலபமானதுதான். உடம்பை மெல்ல அதிரவிட்டு, அந்த அலை உள்ளே எப்படி ஓடுகிறது என்று எம்.ஆர்.ஐ.யில் படம் பிடிப்பது. பெயர் எலாஸ்டோகிராஃபி. மூளைக்கு என்றால் தலைக்கு அடியில் ஒரு அதிரும் தலையணை. நொடிக்கு 60 தடவை போல அதிரும். கெட்டியான இடத்தில் அலை வேகமாக ஓடும், மிருதுவான இடத்தில் மெதுவாகப் போகும். கம்ப்யூட்டர் அதைக் கணக்குப் போட்டு வண்ணப் படமாகத் தந்துவிடும். கத்தி இல்லை, ரத்தம் இல்லை. தேங்காயைத் தட்டுகிற அதே வித்தை!

2013-ல் மேயோ டாக்டர்கள் மெனிஞ்சியோமா நோயாளிகள் சிலரிடம் ஆபரேஷனுக்கு முன்பே அளந்து பார்த்தார்கள். படம் சொன்னதும், பிறகு சர்ஜன் தொட்டு உணர்ந்ததும் நன்றாகவே ஒத்துப்போயின.

இதுவரை சரி. அடுத்த விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

மூளையில் வருகிற கட்டிகளிலேயே மிகக் கொடூரமானவற்றில் ஒன்று கிளியோபிளாஸ்டோமா. 2005-ல் வெளியான பெரிய ஆய்வில், ஆபரேஷன், கதிர்வீச்சு, மருந்து மூன்றும் கொடுத்தும் பாதிப் பேர் 15 மாதத்தைத் தாண்டவில்லை. அது கல்லு மாதிரி இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? 2014-ல் பெர்லின் சாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். பெரும்பாலும் சுற்றியிருக்கும் நல்ல மூளையைவிட அது மிருது!

எனக்குச் சட்டென்று இரண்டு பேர் ஞாபகம் வந்தார்கள். ஒருவர் சீட்டு நடத்தியவர். 'அண்ணே, சாப்டீங்களா?' என்று கேட்காமல் பணம் வாங்க மாட்டார். இன்னொருவர் என் பெரியப்பா. 'பி.காம். படிச்ச கழுதைக்கு இந்த வட்டி கட்டுப்படியாகாதுனு தெரியாதா?' என்று நாலு பேர் முன்னால் கேட்டார். இரண்டு வருஷம் அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை நான். அதற்குள் 'அண்ணே' ஊரைவிட்டே போய்விட்டார், என் மூன்று லட்சத்தோடு. பெரியப்பாவிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று தைரியம் வந்தபோது அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அப்படியானால் கடுமையானவர்கள் எல்லாம் நல்லவர்கள், இனிக்கப் பேசுகிறவர்கள் எல்லாம் மோசம் என்று எழுதிவிடலாமா? கூடாது. இதே எலாஸ்டோகிராஃபி முதலில் பெரிதும் பயன்பட்டது கல்லீரலுக்கு. அங்கே கெட்டியானால் வியாதிதான். தழும்பு ஏறி ஏறி, கடைசியில் சிரோசிஸ். ஒரே அளவுகோல், இடத்துக்கு இடம் வேறு அர்த்தம். அதனால்தான் டாக்டர்கள் இந்தப் படத்தை மட்டும் வைத்து 'இது புற்றுநோய்' என்று தீர்ப்பு எழுதுவதில்லை. திசுவை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் முடிவு சொல்கிறார்கள். படம் சொல்வது, 'இதை எப்படி அணுக வேண்டும்' என்பதை. 'இது நல்லதா கெட்டதா' என்பது வேறு கேள்வி.

நாம் இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். கண்டிக்கிற வாத்தியார், முகம் கொடுத்துப் பேசாத மாமியார், எதற்கெடுத்தாலும் 'முடியாது' என்கிற அதிகாரி... பழகக் கஷ்டமானவர் என்பதும் கெட்டவர் என்பதும் ஒன்றா? ஒருவர் நமக்கு எவ்வளவு சிரமம் தருகிறார் என்பதை வைத்து, அவர் எப்படிப்பட்டவர் என்று தீர்ப்பு எழுத நமக்கு என்ன உரிமை?

கெட்டி என்று தெரிந்தால் சர்ஜன் கட்டியின் மேல் கோபப்படுவதில்லை. கூடுதல் நேரம் ஒதுக்கிக்கொண்டு, கூடுதல் பொறுமையோடு போகிறார். நான் பெரியப்பாவுக்கு அந்த நேரத்தை ஒதுக்கவில்லை.

நீங்கள் யார் வீட்டு வாசலை மிதிக்காமல் இருக்கிறீர்கள்?