கல்லும் பெயரும்

கண்டி மஹியாவ மயானத்திலே ஜேம்ஸ் டெயிலரின் கல்லறை உள்ளது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்திலே தேயிலையை வர்த்தகப் பயிராக்கிய அவர் 1892இல் இறந்தார். தேயிலை, சிங்கோனா ஆகிய இரு பயிர்களினதும் முன்னோடி என்று கல் அவரைப் போற்றுகின்றது. அவரது உடலைத் தோட்டத்திலிருந்து கண்டிவரை 24 பேர் முறைவைத்துச் சுமந்து வந்தனர் என்பர். சுமக்கப்பட்டவரின் பெயரும் வயதும் இன்றும் வாசிக்கக் கிடக்கின்றன. சுமந்தவர்களின் பெயர்கள் அக்கல்லில் இல்லை.

முன்னோரைத் தேடிப் பழைய மயானங்களை நாடுவோர் இன்று பலர். இத்தேட்டம் குலப்பெருமையின்பாற்பட்டதா, கடமையின்பாற்பட்டதா என்பது சிந்திக்கத்தக்கது. கல்லறை உண்மை கூறலாம். முழு உண்மையையும் கூறாது. கல் நாட்டும் வசதியுடையோரையே அது நினைவிற் கொள்ளும். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை நோக்கி நடக்கையில் வழியிலேயே கொள்ளைநோய்க்கு இரையானோருக்கும், தேயிலைச் செடிகளினடியிற் புதையுண்டோருக்கும் கல் வாய்க்கவில்லை.

நமது மரபு கல்லை வேண்டுவதன்று என ஒருவர் மறுக்கக்கூடும். உடலை எரித்துச் சாம்பலை நீரிற் கரைக்கும் சைவர், தந்தை, பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறையினரைப் பெயர் கூறி எள்ளும் நீரும் இறைக்கின்றனர். ஆங்கே சான்று கேட்பார் எவருமிலர். மகனின் நாவே சான்று.

ஆயின், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அம்மூவரையே கேட்டது. தந்தை இந்நாட்டிற் பிறந்தவர் என்றோ, அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்றோ நிறுவுமாறு பணித்தது. மகனின் நா அங்கே போதவில்லை, பத்திரம் வேண்டப்பட்டது. பதிவற்ற முன்னோரின் பேரர் நாடற்றவராயினர். அக்குறையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

இறந்தோரின் நினைவு வாழ்வோரின் உரிமையோடு பிணைந்தது என்பது இதனாற் பெறப்படும். எனவே, முன்னோரைத் தேடுதல் தவறன்று. கல்லுள்ள இடத்தோடு தேடலை நிறுத்திக்கொள்ளுதலே தவறு. கல்லின்மை வாழ்வின்மைக்குச் சான்றாகாது. பெயரறியாப் புதைகுழியின் முன்னும் ஒரு கணம் நிற்பவனே தன் முன்னோரை உண்மையில் மதித்தவனாவான்.

அன்று பெயர்கள் மறைந்தமைக்கு வறுமையும் எழுத்தறிவின்மையும் காரணமாயின. இன்று நம் பாட்டிமாரின் நாவிலுள்ள பெயர்கள் அவர்களோடு மறையுமாயின், அதற்குப் பொறுப்பாளர் எழுதக் கற்ற நாமேயாவோம்.