பட்டிக்கு அடியில்

பொத்தேரியிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் வடக்கே சென்றால் வண்டலூர். அவ்வட்டாரத்தில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை, 1985இல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்னும் சொகுசுக் காரை வெளியிட்டது. மேனி இங்கிலாந்தின் ரோவர் காருடையது. 1976இல் அங்கே அது 3,500 சி.சி. வி-8 எஞ்சினோடு வந்தது. இங்கோ, அந்த அழகிய மேனிக்குள் 1,991 சி.சி. கொண்ட பழைய வான்கார்டு வழி எஞ்சினைப் பொருத்தினார்கள். அதன் உறவுமுறை எஞ்சின் ஒரு காலத்தில் பெர்குசன் டிராக்டரில் நிலம் உழுதது! சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றுபோயிற்று.

கேட்பாரற்றுக் கிடந்த அத்தகைய காரொன்றை வீட்டிலேயே செப்பனிட முனைவோர் எதற்கு உண்மையாக இருப்பது? செய்தவர் வைத்த குறைக்குமா?

எஞ்சினின் மந்தத்தை அப்படியே விட்டுவைக்கலாம் என்போம். அது அவ்வண்டியின் வரலாறு. வேகம் வேண்டுவோர் வேறு வண்டி தேடட்டும். பிரேக் அப்படியன்று. பிள்ளைகள் ஏறும் வண்டியில், அசலானது என்பதற்காக வெடித்த ரப்பர் குழாயை வைத்திருப்பது பழமைப் பற்றன்று, அலட்சியம்.

கடினமான சோதனை துருவே. கதவின் அடிவிளிம்பை அது உள்ளிருந்து அரிக்கிறது. அரித்த தகட்டை வெட்டியெடுத்துப் புதிதாகப் பற்றவைக்கப் பல நாள் பிடிக்கும். பட்டி பூசித் தேய்த்துப் பெயிண்ட் அடிப்பதோ எளிது. இரண்டும் ஒன்றுபோலவே மின்னும். பட்டிக்கு அடியில் ஈரம் தங்கிக் குமிழ் எழுவதற்குள் வண்டி கைமாறியிருக்கவும் கூடும்.

பட்டி பூசவே கூடாதென்று நாம் சொல்லவில்லை. எல்லார்க்கும் வெல்டிங் கைவருமா? விற்கும்போது பூசிய இடங்களை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு விலை பேசலாம். விலை சற்றுக் குறையும்.